பழைய ஜிப்சி குலுங்கி ஓடுகிறதா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பழைய மாருதி ஜிப்சியை எந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தி "மிஸ்ஸிங் அடிக்குது" (சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுகிறது) என்று சொன்னாலும், முதலில் ஸ்க்ரூட்ரைவர் போய் நிற்கும் இடம், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்தான். அரை சுற்று திருப்புவார்கள், சத்தம் கொஞ்சம் மாறும், "இப்ப பாருங்க சார்" என்பார்கள், வீட்டுக்கு வருவதற்குள் பழையபடி குலுங்க ஆரம்பித்துவிடும். என்னுடைய எம்ஜி410 மாடல் ஜிப்சிக்கு இப்படி மூன்று மாதம் நடந்தது. இரண்டு முறை கார்புரேட்டர் கழற்றிக் கழுவி கிட் மாற்றியாகிவிட்டது, ஒரு முறை புது கார்புரேட்டரே வாங்கச் சொன்னார்கள். கடைசியில் குற்றவாளி யார் என்பதைக் கீழே அந்த இடம் வரும்போது சொல்கிறேன். அது கார்புரேட்டர் இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்.

இது கார்புரேட்டர் ஜிப்சிகளுக்கான வழிகாட்டி. 1985 கடைசியில் வந்த 970 சிசி எஃப்10ஏ என்ஜின் உள்ள எம்ஜி410, அப்புறம் 1996-ல் வந்த 1298 சிசி ஜிப்சி கிங். 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிகளுக்கும் பாதி விஷயம் பொருந்தும், ஆனால் அதில் சென்சார்கள் தனிக் கதை. மஹிந்திரா டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வண்டியில் பிளக்கே கிடையாது.

தேவையான சாமான்கள்: பிளக் ஸ்பானர், இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், ரப்பர் பிடி போட்ட குறடு, தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில், தீப்பொறி வரும் நேரத்தைப் பார்க்க டைமிங் லைட், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்க கம்ப்ரஷன் கேஜ், என்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்க வேக்குவம் கேஜ். கடைசி மூன்றும் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். வேக்குவம் கேஜ் மட்டும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது சொல்லும் செய்திக்கு அதன் விலை ஒன்றுமே இல்லை.

முதலில், குலுங்குவது என்ஜின்தானா?

சிரிக்காதீர்கள். ஜிப்சியில், சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டி இருக்காது, தனியாகப் பின்னால் ரப்பர் மவுண்டிங்கில் தொங்கும், நடுவில் ஒரு குட்டி புரொப்பெல்லர் ஷாஃப்ட். அந்த ரப்பர் நைந்துபோனால் வண்டி போகும்போது மொத்த தரையும் அதிரும், ஓட்டுபவருக்கு என்ஜின் மிஸ்ஸிங் மாதிரியே தெரியும். எனவே வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஐடிலிங்கிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓட விடுவது) 2000, 3000 ஆர்பிஎம்மிலும் கேளுங்கள். நின்றிருக்கும்போது வழவழவென்று ஓடி, நகரும்போது மட்டும் அதிர்ந்தால் பானெட்டை மூடிவிட்டு வண்டிக்கு அடியில் போங்கள். என்ஜின் மவுண்டிங்கையும் பார்த்துவிடுங்கள், காட்டுப் பாதையில் ஓடிய வண்டியில் அது கிழிந்திருப்பது சாதாரணம்.

நின்றபடியே குலுங்குகிறது என்றால், எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். குளிர்ந்திருக்கும்போதா, சூடானபிறகா? ஐடிலிங்கில் மட்டுமா, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா? ஆற்றில் இறங்கி ஏறியதற்கு அப்புறமா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஐடிலிங்கில் மோசமாக இருந்து வேகத்தில் சரியாகிவிட்டால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம், அல்லது ஏதோ வால்வு சரியாக மூடவில்லை. ஐடிலிங் நன்றாக இருந்து ஏற்றத்தில் மட்டும் திணறினால் பெட்ரோல் போதவில்லை அல்லது தீப்பொறி பலமாக இல்லை. சூடானபிறகு மட்டும் வந்தால், தீப்பொறிக்கு மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் காயில், கண்டென்சர் பக்கம் கண் போகட்டும்.

ஒரு சிலிண்டரா, நான்குமா?

எல்லாவற்றையும் பிரிக்கும் கேள்வி இதுதான், பெரும்பாலானவர்கள் கேட்காமல் தாண்டிவிடுவதும் இதைத்தான். ஒரே சிலிண்டர் செத்திருந்தால் அது பிளக், ஒயர், வால்வு, பிஸ்டன் ரிங் என்று அந்த சிலிண்டருக்குச் சொந்தமான கோளாறு. நான்கும் சமமாகச் சோர்ந்திருந்தால் பொதுவானவை: காயில், டைமிங், பெட்ரோல், காற்றுக் கசிவு, கார்புரேட்டர். ஒரு சிலிண்டர் செத்த வண்டிக்குக் கார்புரேட்டர் கழுவுவது, பல்வலிக்குக் கண்ணாடி மாற்றுவது போலத்தான்.

செய்முறை எளிது. என்ஜினை அணைத்துவிட்டு நான்கு பிளக் கேப்பையும் சற்றுத் தளர்த்தி, மறுபடி லேசாக மாட்டி வையுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டு, ரப்பர் குறடால் முதல் சிலிண்டரின் கேப்பை இழுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் எண். என்ஜின் சத்தம் உடனே தொய்ந்து ஆர்பிஎம் இறங்கினால் அந்த சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதை இழுத்தால் மாற்றமே இல்லையோ அதுதான் சோம்பேறி. இழுத்த ஒயரின் முனையை என்ஜின் உலோகத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள், அந்தரத்தில் விட்டால் மின்னழுத்தம் வேறு வழி தேடி காயிலையோ எலக்ட்ரானிக் யூனிட்டையோ பதம் பார்க்கும். வெறுங்கையால் தொடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்க்க வேண்டாம். வினையூக்கி சைலன்சர் உள்ள பிந்தைய கிங் என்றால் ஒவ்வொன்றையும் சில நொடிகளில் முடியுங்கள், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரியும்.

பிளக்கைக் கழற்றிப் படியுங்கள்

நான்கையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது எது என்று மாறாமல் வரிசையாக ஒரு பலகையில் வையுங்கள். முனையில் காப்பிப் பொடி நிறம் இருந்தால் நலம். வறண்ட கரி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். பெட்ரோலில் நனைந்து வாசனை அடித்தால் அங்கே தீப்பொறியே வரவில்லை.

நான்கும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்று மட்டும் தனியாக நிற்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். மூன்று காப்பிப் பொடி, ஒன்று வெள்ளை என்றால் அந்த ஒற்றை சிலிண்டருக்குப் போகும் இன்டேக் பாதையில் காற்றுக் கசிவு இருக்கலாம். கார்புரேட்டர் நால்வருக்கும் ஒரே பாத்திரத்தில் பரிமாறுவது, ஒருவருக்கு மட்டும் குறைத்துப் போட அதற்குத் தெரியாது.

இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கட்டும். சோம்பேறி சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்தால் புது பிளக் வாங்குங்கள், கதை முடிந்தது. நகரவில்லை என்றால் ஒயரை மாற்றிப் பாருங்கள். மல்டிமீட்டரில் நான்கு ஒயரும் சில கிலோ ஓம் கணக்கில் ஏறக்குறைய ஒரே வகையாகக் காட்ட வேண்டும், ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அதுதான்.

தீப்பொறி

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், தெருவிளக்கு இல்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து, ஓடும் என்ஜினின் ஒயர்கள் மேலும், நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் மேலும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒயர் நைந்திருந்தால் நீல நிறத்தில் மினுமினுக்கும். பத்து பேர் சொன்னாலும் நம்பாத ஆள்கூட இதைப் பார்த்தால் நம்பிவிடுவார். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பென்சிலால் கோடு கிழித்த மாதிரி மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தால் தீப்பொறி அந்த வழியாக ஓடிப் பழகிவிட்டது, துடைத்தாலும் போகாது, கேப்பை மாற்றத்தான் வேண்டும். நடுவில் உள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கோடு உள்ளே வெளியே போய்வர வேண்டும். ஆற்றைக் கடந்து வந்தபின் மட்டும் மிஸ்ஸிங் என்றால் கேப்புக்குள் வியர்த்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து டபிள்யூடி-40 மாதிரி ஏதாவது ஒன்றை லேசாக அடித்தால் வீடு வந்து சேரலாம்.

பழைய எம்ஜி410-ல் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), கண்டென்சர் இருக்கும். பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து ஒரு வாரம் ஓட்டலாம், அதற்கு மேல் அது ஏமாற்று வேலை. பாயிண்ட் மாற்றியும் சீக்கிரமே கருகினால் கண்டென்சர்தான் காரணம். அப்புறம் யாரும் பார்க்காத ஒன்று: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது, பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு விதமாக மாறும், டைமிங் லைட் அடித்தால் குறி ஒரே இடத்தில் நிற்காமல் நடனமாடும். இந்த வண்டிக்கு எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் பலன் இல்லை.

எரியும் வரிசை 1-3-4-2. ஒயரை யாராவது கழற்றி மாட்டியிருந்தால் இதைச் சரிபாருங்கள். வரிசையைக் கவனித்தால் 3-க்கு அடுத்து உடனே 4, 2-க்கு அடுத்து உடனே 1, அதாவது பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் அடுத்தடுத்து எரிகின்றன. இந்த ஜோடிகளின் ஒயர்களைச் சேர்த்துக் கட்டினால் ஒன்றின் மின்சாரம் மற்றொன்றில் தூண்டப்பட்டு, நேரத்துக்கு முன்பே எரியலாம். அழகாக இருக்கட்டும் என்று டேக் போட்டு நாலையும் ஒன்றாகக் கட்டுபவர்கள் கவனிக்க.

என்ஜினின் உறிஞ்சலை வைத்துத் தீப்பொறி நேரத்தை முன்னே தள்ளும் வேக்குவம் அட்வான்ஸின் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் உறிஞ்சல் விடாமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும். காற்று சும்மா வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, அதன் வழியே காற்றுக் கசிவும் சேர்ந்துகொள்ளும். பேட்டரியிலிருந்து என்ஜினுக்கும் சேஸிக்கும் போகும் எர்த் ஒயர்களைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டுங்கள், ஐந்து நிமிட வேலை.

காற்றுக் கசிவு

என் வண்டியின் கதை இங்கேதான் முடிந்தது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையை நான்கு சிலிண்டருக்கும் கொண்டுபோகும் குழாய்) நடுவில் சூடு ஏறாமல் இருக்க ஒரு தடித்த கருப்புத் தட்டு இருக்கும். அதில் தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல். குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், சூடேறியதும் திறந்துகொள்ளும். இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றியவர்களும் அதே தட்டை அப்படியே திரும்ப வைத்து, கசியாமல் இருக்கட்டும் என்று நட்டை இன்னும் பலமாக முறுக்கியிருக்கிறார்கள். விரிசல் பெரிதாகத்தானே செய்யும்.

கண்டுபிடிக்கும் வழி: ஐடிலிங்கில் விட்டு, கார்புரேட்டர் அடிப்பகுதி, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் விளிம்பு, ஒவ்வொரு வேக்குவம் ஹோஸின் முனை என்று ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள். சத்தம் மாறும் இடத்தில் நிறுத்துங்கள். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் சூடான எக்சாஸ்ட் மேல் பட்டால் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டினால், சமவெளியில் நல்ல என்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை காட்டி முள் அசையாமல் நிற்கும். முள் ஆடாமல் தாழ்வாக நின்றால் காற்றுக் கசிவு அல்லது டைமிங் பின்தங்கல். ஒரே தாளத்தில் டக், டக் என்று இறங்கி ஏறினால் ஒரு வால்வு மூடவில்லை.

மலையில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏறக்குறைய ஒவ்வொரு 1000 அடிக்கும் ஒரு அங்குலம் குறையும். ஊட்டி 2240 மீட்டர், அதாவது 7300 அடிக்கு மேல். அங்கே 12, 13 அங்குலம் காட்டினால் என்ஜின் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த கார்புரேட்டர் ஊட்டியில் கரும்புகை தள்ளுவதும் இதனால்தான். காற்று மெலிந்துவிடுகிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் அதே அளவு பெட்ரோலை விடுகிறது.

பெட்ரோல்

இப்போதெல்லாம் பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும், எனவே பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் இ20 ஊற்றினால் கலவை மெலிந்துபோகும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ20-க்கு ஏறக்குறைய 13.5. அதைவிடத் தொல்லை, பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பிக் கெட்டுப்போவது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் புது ஹோஸ் போடுவது என் பார்வையில் கட்டாயம்.

ஏற்றத்தில் திணறும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய் வண்டி சரியானால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. அடுத்து ஃபில்டரை மாற்றுங்கள், சந்தேகமே வேண்டாம். பம்ப் பார்க்க, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடியுங்கள். துடிதுடித்துப் பீய்ச்ச வேண்டும், சொட்டுச் சொட்டாக வந்தால் பம்ப் போய்விட்டது. குளிர்ந்த என்ஜினில், திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள்.

கார்புரேட்டர் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தால், பெட்ரோல் மட்டம் அதன் நடுக்குறியில் நிற்கிறதா பாருங்கள். மேலே என்றால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில் மூடவில்லை. செங்குத்தான ஏற்றத்தில் சாய்ந்து நிற்கும்போது மட்டும் அணைவது கார்புரேட்டர் வண்டிகளின் பிறவிக்குணம், அதற்காக எதையும் கழற்றாதீர்கள்.

டேப்பட், கம்ப்ரஷன்

இதுவரை எதுவும் சிக்கவில்லை, அல்லது ஒரு சிலிண்டர் பிளக், ஒயர் மாற்றியும் செத்தே கிடக்கிறது என்றால் டேப்பட் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகம்) மூடியைக் கழற்றுங்கள். குளிர்ந்த என்ஜினில் இடைவெளி ஏறக்குறைய 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள், எக்சாஸ்ட் பக்கம் கொஞ்சம் கூட. உங்கள் என்ஜினுக்கு உரிய அளவை மேனுவலில் பார்த்து வையுங்கள். சத்தம் போடும் டேப்பட்டுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், சத்தமே இல்லாமல் இறுகிப்போனதற்குத்தான் பயப்பட வேண்டும். அது வால்வை முழுதாக மூட விடாது, எக்சாஸ்ட் வால்வு கருகிவிடும்.

பிறகு கம்ப்ரஷன். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கும் கழற்றி, காயிலைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். 1.3 லிட்டர் என்ஜினுக்கு சதுர செ.மீ.க்கு 14 கிலோ நல்லது, 12-க்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 1 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இந்த எண்களும் சமவெளிக்குத்தான். ஊட்டியில் காற்றழுத்தமே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு, 14 காட்ட வேண்டிய என்ஜின் அங்கே 11-க்குக் கீழே காட்டும். "ரிங் போச்சு, போர் செய்யணும்" என்று யாராவது சொன்னால், நான்கும் சமமாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கெட். நான்கும் சமமாகக் குறைந்து, சமீபத்தில் டைமிங் பெல்ட் மாற்றியிருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இப்போது கார்புரேட்டர்

இங்கே வந்து சேர்ந்தபின் அதைத் தொடலாம். ஐடில் சோலினாய்டு (ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு) இருக்கும் கார்புரேட்டர் என்றால், சாவி போட்டதும் அது டிக் என்று சொல்ல வேண்டும். ஐடிலிங்கில் அதன் ஒயரைக் கழற்றினால் என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடுகிறது என்றால் ஐடில் ஜெட் அடைத்துக்கொண்டு, யாரோ த்ராட்டில் ஸ்க்ரூவைத் தூக்கி வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சோக் முழுதாகத் திறக்கிறதா என்பதையும் பாருங்கள், கேபிள் சிக்கி அரைகுறையாக நிற்கும் வண்டிகள் நிறைய.

கழுவிச் சுத்தம் செய்தபின், என்ஜின் சூடாக இருக்கும்போது ஐடிலிங்கை 850 ஆர்பிஎம் அளவில் வைத்து, மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி வேக்குவம் முள் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஆர்பிஎம் ஏறியிருந்தால் த்ராட்டில் ஸ்க்ரூவில் இறக்கி, மறுபடி ஒரு முறை. ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நிற்கிறது, டேப்பட் எவ்வளவு, கம்ப்ரஷன் எவ்வளவு, எந்த ஊரில் அளந்தது என்று தேதியோடு பானெட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நான்கும் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் ஸ்பானரைக் கழுவி வைக்கலாம்.